களிப்பும் காத்திருப்பும்

மனிதன் களிப்பதற்கு உரிமை உடையவனா என்று வினவினால் நம்மில் பலர் நகைப்பர். ஆயினும் களிப்பின் மீது ஓர் ஐயம் நமது நீதி மரபில் நெடுங்காலமாகவே இருந்து வருகிறது. அந்த ஐயமும் எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை. உழைப்பவன் களித்தால் அது ஊதாரித்தனம், உடையவன் களித்தால் அது நாகரிகம் என்பதே உலக வழக்கு. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பிள்ளையை ராட்டினத்தில் ஏற்றிய தகப்பனின் செலவுக் கணக்கைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்ட கனவான்களே ஏப்ரல் பிறந்ததும் குதிரைப் பந்தயம் காண நுவரெலியாவுக்குப் புறப்பட்டனர். ஆதலின் நாம் களிப்பை எதிர்த்து எழுதவில்லை என்பதை முதலிலேயே கூறிவிடுகிறோம். 1886 ஆம் ஆண்டு மே மாதம் சிக்காகோ வீதிகளில் எட்டு மணி நேர வேலை கேட்டு எழுந்த தொழிலாளர், எஞ்சிய நேரத்தை உறங்குவதற்கு மட்டும் கேட்கவில்லை. மனம்போலக் கழிப்பதற்கும் கேட்டனர். மார்க்சின் மருமகன் போல் லஃபார்க் சோம்பியிருக்கும் உரிமையைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். ஓய்வு என்பது தொழிலாளி வர்க்கம் போராடிப் பெற்ற பொருள். அதைப் பழிப்பது நம் வேலையன்று.

நாம் எடுத்துக்கொண்ட வினா வேறு. ஒருவர் உழைத்து வியர்க்கும் களத்தையே இன்னொருவர் களியாட்டப் பூங்காவாகக் கொள்வது தகுமா? தகுமெனில் எந்த நிபந்தனையின் மீது?

இவ்வினா நூலகத்தில் பிறந்ததன்று. நமுனுகுல மலையடியில் பிறந்தது. ஒன்பது சிகரங்கள் என்ற பொருளில் பெயர் பெற்ற இம்மலை கடல் மட்டத்துக்கு மேல் 2000 மீற்றருக்கும் அதிகமாக உயர்ந்து நிற்கிறது. அதனைச் சுற்றிப் பசறை, தெமோதர, எல்ல என்று தேயிலைத் தோட்டங்களும் லயங்களும் பரந்து கிடக்கின்றன. 1955 இல் கலிபோர்னியாவில் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்தைப் போல இங்கு எவரும் மதில் எழுப்பி, மாளிகை கட்டி, பூங்கா அமைக்கவில்லை. மலையே பூங்காவாகிவிட்டது. 1921 இல் கட்டிமுடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம் அதன் முதற் காட்சி. தன் நிலையத்தின் கீழாகத் தானே நுழைந்து செல்லும் தெமோதரப் புகையிரதச் சுருள் இரண்டாவது. தேயிலைச் சரிவின் மேலே அரைக் கிலோமீற்றருக்கு மேல் கட்டப்பட்ட கம்பியில் தொங்கிப் பாயும் 'சிப்லைன்' மூன்றாவது. இதற்கு இராவணன் பெயரை வைத்திருக்கிறார்கள். புஷ்பக விமானத்தில் பறந்தவனுக்கு இடுப்பில் வாரும் தலையில் கவசமும் மாட்டிவிட்ட காலத்தின் கோலத்தை என்னென்பது! இவை போதாவென்று, கொழுந்துக் கூடையையும் சேலையையும் சிறிது நேரத்துக்கு வாடகைக்கு எடுத்து, கொழுந்து பறிக்கும் பெண்போல நின்று படம் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடும் மலைநாட்டில் உண்டு. அப்புத்தளைக்கு அப்பால், லிப்டன் துரை அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்த்ததாகச் சொல்லப்படும் இடத்தில் அவரைச் சிலையாகவே இருத்தியிருக்கிறார்கள். மலையுச்சிக்குக் கூடை சுமந்து ஏறியவள் அமர்ந்து ரொட்டி தின்ற கல்லுக்குப் பெயர்ப்பலகை கிடையாது.

அந்தக் கம்பியின் சரித்திரம் சிந்திக்கற்பாலது. தேயிலை மலைகளில் கம்பி புதிதன்று. 1890 இல் தம்பேத்தன்னையில் தேயிலைத் தொழிற்சாலை எழுப்பிய லிப்டனும், வேறு துரைமாரும், மேட்டு மலைகளில் பறித்த கொழுந்தைச் சாக்கில் கட்டிக் கம்பி வழியே ஸ்டோருக்கு இறக்கினர். கொழுந்து வாடிவிடக்கூடாது என்பதே காரணம். சாக்குப் பறந்து இறங்கியது. பறித்தவள் நடந்து இறங்கினாள். இன்று சாக்கின் இடத்தில் உல்லாசப் பயணி பறக்கிறார். நடப்பவள் இன்னமும் நடக்கிறாள்.

இது ஊவாவுக்கு மட்டும் உரிய விசித்திரமன்று. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து மோக் சங்க் என்னும் ஊரில் 1827 இல் நிலக்கரி இறக்குவதற்கென்று மலைச்சரிவில் ஒரு தண்டவாளம் போட்டனர். நிறை வண்டிகள் தம் பாரத்தாலேயே கீழே ஓடின. வெற்று வண்டிகளை மேலே இழுப்பதற்கான கோவேறு கழுதைகளும் வண்டியிலேயே ஏறி இறங்கின. நாளடைவில் அந்தப் பாய்ச்சலின் இன்பத்துக்காகவே மக்கள் காசு கொடுத்து ஏறத் தொடங்கினர்; பின்னர் நிலக்கரி நின்று உல்லாசமே தொழிலாயிற்று. 1884 இல் கோனித் தீவில் ஐந்து சதக் கட்டணத்தில் தொடங்கிய 'ரோலர் கோஸ்டர்' அதன் வாரிசே. உழைப்பின் கருவி விளையாட்டின் கருவியாவதில் தன்னளவில் குற்றமில்லை. எல்லா உழைப்பும் ஒருநாள் விளையாட்டாகிவிடுமாயின் நாம் அதை வரவேற்போம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே கரி நின்ற பின்னரே தண்டவாளம் முற்றாக உல்லாசத்துக்கு ஆயிற்று. இங்கே தலைக்கு மேல் விளையாட்டும் காலடியில் உழைப்பும் ஒரே வேளையில், ஒரே சரிவில் நடைபெறுகின்றன.

இனி, வரிசையைப் பற்றி. களியாட்டப் பூங்காக்களுக்குச் செல்வோர் அதிகம் பேசுவது சவாரிகளைப் பற்றியன்று, வரிசைகளைப் பற்றியே. இரண்டு நிமிடப் பாய்ச்சலுக்கு ஒரு மணி நேரக் காத்திருப்பு. எனினும் மனித குலம் கண்டுபிடித்த சமத்துவ ஏற்பாடுகளுள் வரிசையும் ஒன்று என்றே நாம் கூறுவோம். முன் வந்தவர் முன் செல்வார். உன் ஒரு மணியும் என் ஒரு மணியும் ஒரே நிறை. பூங்கா முதலாளிகள் இதை நீண்டநாள் பொறுக்கவில்லை. டிஸ்னி நிறுவனம் 1999 இல் வரிசையில் நில்லாது குறித்த நேரத்துக்கு வரும் சீட்டைக் கட்டணமின்றிக் கொடுத்தது. 2021 இல் அவ்வசதிக்கு விலை வைத்தது. பெங்களூர் வொண்டர்லாவிலும் கூடுதல் பணம் கட்டியவர் விரைந்து செல்லும் தனிச்சீட்டு உண்டு. விற்பனையாவது சவாரியன்று, பின்னால் நிற்பவரின் நேரம். அதை விற்க அவரிடம் எவரும் சம்மதம் கேட்பதில்லை.

நமது மலைக் கோச்சிக்கும் இக்கதி நேர்ந்தது. எல்லவுக்குச் செல்லும் புகையிரதத்தின் ஆசனப் பதிவுகள் திறந்த சில கணங்களிலேயே தீர்ந்துபோவதும், பின்னர் அதே சீட்டுகள் பன்மடங்கு விலைக்குப் பயணிகளிடம் விற்கப்படுவதும் பெரும் முறைப்பாடாகி, 2025 தொடக்கத்தில் குற்றப் புலனாய்வினர் விசாரித்துக் கைது செய்யுமளவுக்குச் சென்றது. இத்தண்டவாளம் 1924 இல் பதுளையை எட்டியது தேயிலையை இறக்குவதற்காக. 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964 ஒப்பந்தத்தின்படி நாடு கடத்தப்பட்ட நம் மக்கள் பதுளைப் பகுதியிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்டதும் இதன் வழியேதான். ஒப்பாரிக் கோச்சி என்று மலைநாடு பெயரிட்ட வண்டிகள் அவை. அன்று அந்த வண்டிச் சீட்டுக்குக் கறுப்புச் சந்தை இருக்கவில்லை.

தோட்டத்துக்கும் தனக்கென வரிசைகள் உண்டு. காலையில் பிரட்டுக்களத்தில் ஒரு வரிசை. கொழுந்து நிறுக்கத் தராசின் முன் ஒரு வரிசை. சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிவு போக எஞ்சியது குறித்த கிலோவை எட்டாவிடின் அன்றைக்கு அரைப் பேர். பணம் கட்டி முந்தும் வழி இவ்வரிசைகளில் இல்லை. முந்தினாலும் போவதற்கு வேறிடம் இல்லை. 2021 இல் 1000 ரூபாவாகவும் 2024 இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலியையும், அதே சரிவின் மேலே பறப்பதற்கான கட்டணத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரு சவாரி ஒரு நாட் பேருக்குள் அடங்காது.

நிர்வாகத்தைப் பற்றியும் ஒரு சொல். ஆபத்தில்லாத ஆபத்தை விற்பதே சவாரித் தொழிலின் இரகசியம். கம்பியைச் சோதிப்பர், வாரை இருமுறை இழுத்துப் பார்ப்பர், மழையும் காற்றும் மிகுந்தால் நிறுத்திவிடுவர். இது நன்றே. ஆனால் மெய்யான ஆபத்து எங்கே போயிற்று? 2016 மே மாதத்தில் சென்னை தாம்பரத்தை அடுத்த கிஷ்கிந்தா பூங்காவில் ஒரு சவாரியைச் சோதித்துப் பார்க்க ஊழியர்களே ஏறியபோது அது முறிந்து ஓர் ஊழியர் உயிரிழந்தார். ஆபத்தின் சாயல் வாடிக்கையாளருக்கு, ஆபத்து தொழிலாளிக்கு. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 ஆந் திகதி மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த நிலம் உறுதியற்றதென்று முன்னரே எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. மாறிச் செல்ல வேறு நிலம் கொடுக்கப்படவில்லை. 2025 நவம்பரில் வீசிய தித்வா புயலிலும் பதுளை மாவட்டம் மண்சரிவால் பெருந்துயருற்றது. மழை கடுத்தால் சவாரியை நிறுத்தும் அறிவு நம்மிடம் உண்டு. அதே மழையில் லயத்துக் காம்பராவில் உறங்குபவரை எழுப்பி வேறிடம் சேர்க்கும் ஏற்பாடு மட்டும் ஏன் நூறாண்டாய்க் கைகூடவில்லை என்று கேட்கிறோம்.

உல்லாசத் தொழிலால் தோட்டத்து இளைஞருக்கு வேலை கிடைக்கிறதே என்பர். மெய்தான். முச்சக்கர வண்டி ஓட்டுபவர், வழிகாட்டுபவர், விடுதியில் சமைப்பவர் எனப் பலர் கங்காணியின் குரலிலிருந்து தப்பியிருக்கின்றனர். அதை இழித்துக் கூறோம். படம் எடுத்தவர் பெண்ணின் கையில் ஏதேனும் வைத்துச் செல்கிறாரே என்றும் கூறுவர். இங்கேதான் நமக்குச் சென்னைக் கடற்கரை வி.ஜி.பி. பூங்காவின் சிலை மனிதர் நினைவுக்கு வருகிறார். மணிக்கணக்கில் இமையசையாது நிற்பது அவர் தொழில். சிரிக்க வைக்க வந்தவர் எத்தனை குறும்பு செய்தாலும் அவர் சிரியார். அவருக்கு அதற்குச் சம்பளம் உண்டு, வேலை முடியும் நேரம் உண்டு. கொழுந்து மலையில் நிற்பவளை நோக்கியோ, 'கொஞ்சம் சிரி' என்கிறார்கள். அவள் சிரிக்கும் கணத்தில் கூடை நிறைவதில்லை. தராசு அதைக் கணக்கில் கொள்வதுமில்லை. வைத்துச் செல்லும் நாணயம் கொடையாகவே இருக்கிறது, கூலியாகவில்லை. கொடையை மறுத்தால் செருக்கி என்பர். கூலியைக் கேட்க அவளுக்கு உரிமை இருந்திருக்கும்.

ஆகவே பூங்காவை மூடுக என்பது நம் கட்சியன்று. ஒரு களிப்பைத் தாங்கி நிற்பவர் அக்களிப்பின் வரிசையில் தாமும் வந்து நிற்க இயலுமா என்பதே நாம் வைக்கும் உரைகல். நிற்பதற்கு ஓய்வுநாள் வேண்டும், சீட்டுக்குக் காசு வேண்டும், அங்கே நின்றால் 'நீ இங்கே ஏன்?' என்று எவரும் கேளாதிருத்தல் வேண்டும். மூன்றும் கூடாத இடத்தில் களிப்பவர் தீயவர் என்று நாம் கூற மாட்டோம். அவர் இன்னொருவருடைய முறையையும் சேர்த்து அனுபவிக்கிறார். கோச்சியில் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளைக் கூட்டுவதும், சவாரி வருமானத்தில் ஒரு பங்கு அச்சரிவில் வாழ்வோரின் வீட்டு நிலத்துக்குச் செல்வதும், தோட்டப் பள்ளிப் பிள்ளைகளுக்கென நாட்கள் ஒதுக்கப்படுவதும் ஆகாத காரியங்களல்ல. ஊவாவின் ஆசிரியர்கள் இதைப் பற்றிப் பேச முற்படின் முதற் கணக்கைத் தம் வகுப்பிலேயே எடுக்கலாம்: கோச்சிச் சத்தம் கேட்டே பாடவேளையை அறியும் அப்பிள்ளைகளுள், அதில் ஏறி ஒன்பது வளைவுப் பாலத்தைக் கடந்தவர் எத்தனை பேர் என்று.