மரணத்தைப் புகழ்தல்

பௌத்த சங்கத்தின் ஒழுக்க நூலாகிய வினய பிடகத்தில், பிக்ஷு ஒருவன் புரிந்த மாத்திரத்தில் துறவு நிலையை இழந்துவிடுகிற நான்கு மகாபாதகங்கள் பாராஜிகம் என்ற பெயரால் விதிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் மூன்றாவது, மனித உயிரைக் கொல்லுதல். அவ்விதியை நின்று நிதானித்துப் படிப்பவருக்கு, கொலைஞனோடு ஒரே வரிசையில் வேறொருவனும் நிறுத்தப்பட்டிருப்பது புலனாகும்: மரணத்தின் மேன்மையை எடுத்துரைத்துப் பிறன் மனத்தை அதன்பால் திருப்புகிறவன். நோயுற்றிருந்த ஓர் இல்லறத்தானிடம், அவன் மனைவிமீது ஆசை கொண்ட பிக்ஷுக்கள் சிலர், 'நீ புண்ணியவான், இந்த அற்ப வாழ்வு உனக்கு எதற்கு?' என்ற விதமாகச் சுவர்க்க போகங்களை வர்ணித்து அவனைச் சாகச் செய்தனர் என்றும், அதன் பின்னரே இச்சொற்கள் விதியில் சேர்ந்தன என்றும் அந்நூலே கூறுகிறது.

அது தீய எண்ணத்தால் விளைந்தது. ஆனால் அதே பகுதியில் இன்னும் ஆழமான நிகழ்ச்சி ஒன்று உண்டு. வைசாலியில் புத்தர் சரீரத்தின் அசுபத் தன்மையைத் தியானிக்குமாறு உபதேசித்துவிட்டு ஏகாந்தத்திற்குச் செல்ல, கேட்டவர் பலர் தம் உடல்மீதே அருவருப்புக் கொண்டு உயிரை வெறுத்து மாய்ந்தனர். திரும்பி வந்தவர் சங்கம் மெலிந்திருப்பது கண்டு, காரணம் கேட்டறிந்து, மூச்சைக் கவனிக்கும் வேறொரு தியானத்தைக் கற்பித்தார். தம் நோக்கம் தூயது, கேட்டவர் கொண்ட பொருளே தவறு என்று அவர் சொல்லி நிற்கவில்லை.

நம் திரைப்படத்தார் பெரும்பாலும் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள். கே. பாலசந்தர் 1978-ல் தெலுங்கில் எடுத்த 'மரோ சரித்ரா'விலும், அதையே 1981-ல் இந்தியில் எடுத்த 'ஏக் தூஜே கே லியே'யிலும் காதலர் இருவரின் மரணமே முடிவு. இந்திப் படம் வெளிவந்த பின் அம்முடிவைப் பின்பற்றிக் காதலர் சிலர் இறந்ததாகச் செய்திகள் எழுந்தன. அவ்விரு படங்களின் கலைத்திறனை நான் மறுப்பவனல்லன். என் கவலையே அத்திறனைப் பற்றியதுதான். கடலும், மலையும், உச்சத்திற்கு ஏறும் இசையும் சேர்ந்து, பிரிந்து வாழ்வதைவிடச் சேர்ந்து சாவதே காதலின் பரிபூரணம் என்று பதினேழு வயது உள்ளத்திற்கு ஓதினால், அது வசனமில்லாத உபதேசமேயாகும்.

இதனினும் கொடிது, பலாத்காரத்திற்கு ஆளான தங்கை தன்னை மாய்த்துக்கொள்ளும் காட்சி. எத்தனை தமிழ்ப் படங்களில் அதைப் பார்த்திருக்கிறோம்! அவள் புகைப்படத்திற்கு மாலை விழும். அண்ணன் பழிவாங்கப் புறப்படுவான். கதை அவளை மறந்துவிடும். குற்றம் செய்தவனுக்குரிய அவமானத்தை அவள் தலையில் சுமத்தி, அதைக் கழுவ அவள் உயிரையே விலையாகக் கேட்டு, அதற்குக் கற்பு என்று மங்கலப் பெயரும் சூட்டுகிற இக்காட்சியைத் தர்மம் என்று சொல்ல என் நா எழவில்லை.

கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததை, அதாவது வடக்கு நோக்கி உண்ணாதிருந்து உயிர்நீத்ததைப் புறநானூறு போற்றவில்லையா என்று சிலர் கேட்கலாம். போற்றுகிறது; அந்த மதிப்பீடு இன்று நமக்கு உரியதன்று என்றே நான் கருதுகிறேன். ஆயினும் அக்கவிகளில் நம் காட்சிகளில் இல்லாத ஒன்று உண்டு. உடன் இறக்க வந்த புலவர் பொத்தியாரை, அவர் மனைவி கருவுற்றிருப்பதை அறிந்த சோழன், மகன் பிறந்தபின் வருக என்று திருப்பி அனுப்புகிறான். பொத்தியார் பின்னர் மீண்டு வந்து உயிர்நீத்தார் என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் இடையில், அரசனற்ற உறையூரைக் கண்டு அவர் அழுத அழுகை முழுவதையும் அக்கவிதை நம்மைக் கேட்கச் செய்கிறது. இறந்தவன் விட்டுச்சென்ற வெறுமையை நம் காமிரா ஒரு நிமிஷமாவது நின்று நோக்குகிறதா?

துயரத்தைக் காட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மொசார்ட் 1791-ல் இயற்றிய 'மந்திரப் புல்லாங்குழல்' என்ற இசைநாடகத்தில், பாபகேனோ என்னும் பறவை பிடிப்பவன் காதலியை இழந்தோமென்று சாகத் துணிந்து, யாரேனும் தடுக்கமாட்டார்களா என்ற ஏக்கத்தோடு ஒன்று, இரண்டு, மூன்று என்று மெல்ல எண்ணுகிறான். மூன்று சிறுவர் வந்து, அவன் கையிலேயே இருக்கும் மணிகளை நினைவூட்டுகின்றனர். நெருக்கடியைக் கடந்து வாழ்ந்தவர் கதைகள் பிறரைக் காக்கக்கூடும் என்பதற்கு 2010-ல் வியன்னா ஆய்வாளர்கள் அவன் பெயரையே இட்டனர். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் திரைத்துறையினருக்கென வெளியிட்ட கையேடும், சாகும் செயலையும் முறையையும் காட்டாதீர்கள், ஒற்றைக் காரணத்தில் அதை அடக்காதீர்கள், உதவி தேடி மீண்டவரைக் காட்டுங்கள் என்கிறது. இத்துயரத்தை அனுபவித்தவரையும் நிபுணரையும் கலந்துகொள்ளுமாறும் வேண்டுகிறது. சென்னையில் 'ஸ்நேகா' என்னும் தற்கொலைத் தடுப்பு அமைப்பு 1986 முதல் இயங்கிவருகிறது. அறுவைச் சிகிச்சைக் காட்சிக்கு மருத்துவரையும், நீதிமன்றக் காட்சிக்கு வக்கீலையும் தேடிப் போகிற நம் இயக்குநர்கள், இந்தக் காட்சியை எழுதுமுன் இத்தகையோரிடமும் சென்று கேட்கலாம்.