முற்றத்தில் ஒரு கார்

அறுபத்து மூவர் விழாவன்று மயிலாப்பூரில் எங்கள் வீட்டு முற்றத்தில் யாரோ காரை நிறுத்திவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார். அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக ஆட்டோ உள்ளே வர வழியில்லை. டயரில் காற்றைப் பிடுங்கிவிடக் கை பரபரத்தது.

திருக்குறளில் 18ஆம் அதிகாரமான வெஃகாமை, பிறர் பொருளுக்கு ஆசைப்படாதே என்கிறது. 35ஆம் அதிகாரமான துறவோ, 'எனது' என்ற பிடிப்பையே விடச் சொல்கிறது. காரை நிறுத்தியவருக்கு முதலாவது, எனக்கு இரண்டாவதா? இல்லை. இந்த முற்றத்தை விட்டால் அம்மாவின் வழியும் போகிறது. அவள் வழியை விட்டுக்கொடுத்து நான் துறவியாக முடியாது. விட வேண்டியது கோபத்தை.

அரை மணி கழித்து நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார். "சாமி பார்க்கத்தானேம்மா வந்தோம்" என்றார். திண்ணையில் சாய்ந்திருந்த அம்மாவைக் காட்டினேன். பேசாமல் வண்டியை எடுத்தார்.

மறுநாளே கேட்டுக்குப் பூட்டு வாங்கினேன். கோபம்தான் இன்னும் முழுதாகப் போகவில்லை.