தூக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்!

கடாரம் கொண்டான் என்று மார்தட்டாத தமிழ் மேடை கெடாவில் உண்டா? 1025இல் ராஜேந்திர சோழனின் படை கடல் தாண்டிக் கடாரமாகிய இந்தக் கெடாவுக்கு வந்த கதையை மைக் சூடாகும்வரை முழங்குகிறோம். முழங்கிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால், நம் கால் நம் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது!

சிரிக்க வேண்டாம். அனுபவிக்கிறவர்களுக்குத் தெரியும் அந்த அவஸ்தை. தலையணையில் தலை சாய்த்துப் பத்து நிமிடம் ஆகியிருக்காது, கெண்டைக்காலுக்குள் என்னவோ ஊர ஆரம்பிக்கும். எறும்பா, புழுவா, கரண்டா, சொல்லத் தெரியாது. வலி என்றும் சொல்ல முடியாது. உளைகிறது, குடைகிறது, ஆட்டினால்தான் நிம்மதி. எழுந்து அடுப்படிக்கும் வாசலுக்கும் நாலு நடை நடந்தால் அடங்கும். படுத்தால் மறுபடியும் முதலிலிருந்து. விடியற்காலையில் கொஞ்சம் கண் அசரும்போது கூலிம் ஹைடெக் பார்க்குக்குப் போகிற ஃபேக்டரி பஸ் ஹாரன் அடிக்கும்.

இதை யாரிடமாவது சொன்னீர்களா? சொல்லியிருப்பீர்கள். "வயசாகுதுல்ல" என்றிருப்பார்கள். "நரம்புத் தளர்ச்சி" என்று ஒருவர், "யாரோ செய்வினை வெச்சிருக்காங்க" என்று இன்னொருவர். அத்தோடு வாயை மூடிக்கொண்டு, பகலெல்லாம் கொட்டாவியும் எரிச்சலுமாகக் காலம் தள்ளுகிறீர்கள். போதும்! இது உங்கள் தலைவிதி இல்லை, மனக்கோளாறும் இல்லை. இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672லேயே எழுதி வைத்த நோய் இது. 1940களில் சுவீடனைச் சேர்ந்த எக்போம் இதை விரிவாக ஆராய்ந்தார். இன்று இது வில்லிஸ்-எக்போம் நோய் என்று அவர்கள் இருவர் பெயராலும் அழைக்கப்படுகிறது. காலை அசைத்தே ஆகவேண்டும் என்ற உந்துதல், ஓய்வில் கூடுவது, நடந்தால் குறைவது, மாலைக்கு மேல் மோசமாவது: இந்த நான்கும் இருந்து, வேறு காரணம் இல்லையென்றால் இதுதான். கெண்டைக்கால் கல்லாக இறுகி உயிர்போக வலிக்கிறதே, அது தசைப்பிடிப்பு. அது வேறு, இது வேறு.

இனி கைக்கு வருவோம். உங்களுடைய அந்த இரண்டு கைக்கு.

பால்மரம் வெட்டிய கை, செம்பனைக் குலை தூக்கிய கை, எட்டு மணி நேரம் நின்றபடி சில்லு பொறுக்கிய கை. அதற்கு இல்லாத பலமா? இன்றிரவே ஆரம்பியுங்கள். ஒரு குழிக்கரண்டியில் நல்லெண்ணெயை வெதுவெதுப்பாகச் சூடாக்கிக்கொள்ளுங்கள். சுவரோரம் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு காலை மடக்கி மறு முழங்கால்மேல் வையுங்கள். உள்ளங்காலில் கட்டைவிரலால் அழுத்தித் தொடங்கி, குதிகாலின் இரு பக்கமும் வட்டமாகத் தேய்த்து, கணுக்காலிலிருந்து முழங்கால்வரை மேல்நோக்கியே போகவேண்டும். முன்னங்கால் எலும்பை விட்டுவிடுங்கள்; கெண்டைச் சதையை மாவு பிசைகிற மாதிரி பிடித்து விடுங்கள். ஒரு காலுக்கு ஏழெட்டு நிமிடம் போதும். பிறகு சுவரில் இரு கையையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையைவிட்டு எழும்பாமல் நில்லுங்கள். கெண்டை இழுபடுவது தெரியும். மெதுவாக முப்பது எண்ணி, காலை மாற்றுங்கள். கடைசியாக வெந்நீர் வாளியில் பாதத்தை வைத்துப் பத்து நிமிடம். நொச்சி இலை கிடைத்தால் போட்டுக் கொதிக்க வையுங்கள், மணத்துக்காகவாவது.

எந்த எண்ணெய் என்று வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடக்கும். லங்காவிக்குப் போய்வந்தவர் காமாட் என்கிற கடலட்டை எண்ணெய் என்பார், பாட்டி வேப்பெண்ணெய் என்பார், பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் தம் வீட்டு மிஞ்ஞாக் உருட் என்கிற தேய்ப்பு எண்ணெயைக் கொண்டுவந்து நீட்டுவார். சண்டை வேண்டாம். என் கட்சி, வேலை செய்வது விரல்தான், எண்ணெய் வழுக்குவதற்கு. சிறிய ஆய்வுகளில் மசாஜும் நீட்சிப் பயிற்சியும் மிதமான நடையும் பலருக்கு உளைச்சலைக் குறைத்திருக்கின்றன. எந்த எண்ணெயும் நோயை வேரோடு பிடுங்கியதாக எவரும் நிரூபிக்கவில்லை. அப்படிச் சொல்லி நூறு வெள்ளிக்குப் புட்டி விற்பவனை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அம்மா, உங்களிடம் தனியாக ஒன்று கேட்கவேண்டும். மாமனார் காலைப் பிடித்துவிட்டீர்கள், கணவர் காலைப் பிடித்துவிட்டீர்கள், பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினீர்கள். உங்கள் காலைப் பிடித்துவிட யாரை அழைத்தீர்கள்? இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் வாட்டுகிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இன்னும் அதிகம். அழையுங்கள் உங்கள் கணவரை! "பத்து நிமிஷம் வந்து காலைப் பிடிச்சு விடுங்க" என்று கேட்பதில் எந்தக் குறைச்சலும் இல்லை. முதல் நாள் முறைப்பார். மறுநாள் செய்வார். செய்யாவிட்டால் டிவி ரிமோட்டை எடுத்து ஒளித்து வையுங்கள்.

ஆனால் கை மட்டும் போதாது. வேர் பல சமயம் ரத்தத்தில் இருக்கிறது. மூளைக்குப் போதிய இரும்புச்சத்து கிடைக்காதபோது டோபமின் என்கிற ரசாயனத்தின் ஒழுங்கு கெடுகிறது; கால் அடங்க மறுப்பதற்கு அது முக்கியக் காரணம் என்கிறது இன்றைய மருத்துவம். நம் ஆட்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு புதிதா என்ன? லயத்து வீடுகளிலிருந்து வெறுங்காலோடு பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்புக்குப் போன முன்னோரின் ரத்தத்தைக் கொக்கிப்புழு குடித்தது. அந்தக் காலம் போய்விட்டது என்று நினைத்தால், 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வு வேறு கதை சொல்கிறது: மலேசியாவில் பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் பத்துக்கு மூன்று பேருக்கு ரத்தசோகை. கொக்கிப்புழு போனது, தேத்தண்ணி வந்தது! சோற்றோடு தே தாரிக் குடித்தால் கீரையிலிருக்கும் இரும்பில் பெரும்பகுதி உடம்பில் சேராது. தேநீரைச் சாப்பாட்டிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள், மாலைக்குப் பின் அதையும் விடுங்கள். முருங்கைக்கீரை, ஈரல், கெராங் சிப்பி சாப்பிடுங்கள். கூடவே ஒரு துண்டு கொய்யா, அல்லது எலுமிச்சைச் சாறு. கர்ப்பிணிகளுக்கு கிளினிக்கில் இலவசமாகத் தரும் இரும்பு மாத்திரை "வெளிக்கு கறுப்பாப் போகுது" என்று அலமாரியில் தூங்குகிறதே, அதை எழுப்புங்கள். தூங்க வேண்டியது நீங்கள்.

சாராயம் இந்தக் காலுக்கு இன்னொரு எதிரி. ஒரு கிளாஸ் போட்டால் தூக்கம் வரும் என்பது முதலில் கொஞ்ச நேரத்துக்குத்தான். பிறகு கால் இன்னும் அதிகமாக ஆட்டம் போடும். இதைச் சொல்ல எனக்கு உரிமை தந்தவர்கள் இந்த மண்ணிலேயே இருந்தார்கள். 1946, 47இல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது. நாள் முழுக்க மரம் வெட்டிக் களைத்தவர்கள், மாலையில் அணிவகுத்தார்கள். துரைக்கும் போலீசுக்கும் பயப்படாதவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ராத்திரி ஒரு கிளாஸை மறுக்க முடியாதா நம்மால்?

கோபத்தோடு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தூக்கம் வரட்டும் என்று கடையில் சளி மாத்திரையும் அரிப்பு மாத்திரையும் வாங்கிப் போடுகிறார்கள். தூங்க வைக்கும் பழைய ரக அலர்ஜி மாத்திரைகள் இந்தக் கால்நோயைக் கிளறிவிடும். சில வாந்தி மாத்திரைகளும், மனச்சோர்வு மாத்திரைகள் பலவும் அப்படியே. அதற்காக, டாக்டர் கொடுத்ததை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அவரிடம் கேளுங்கள். அடுத்த வீட்டுக்காரர் மாத்திரையைக் கடன் வாங்கவும் வேண்டாம். டோபமினைத் தூண்டும் மருந்துகள் முன்பு முதல் தேர்வாக இருந்தன. வருடக்கணக்கில் சாப்பிட்டால் நோயையே மோசமாக்கும் என்பதால் இப்போது மருத்துவர்கள் தயங்குகிறார்கள்.

சர்க்கரைக்காரர்களே, வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்காதீர்கள். மரத்த கால் வெந்து போனாலும் உங்களுக்குச் சொல்லாது. முழங்கையை விட்டுப் பாருங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சிவந்து, சூடாக வலித்தால் அதன்மேல் கையே வைக்கக்கூடாது. உள்ளே ரத்தக்கட்டு இருக்கலாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டயாலிசிஸ் நாற்காலியில் நாலு மணி நேரம் காலை அடக்கிக்கொண்டு பல்லைக் கடிக்கிறவர்களே, தாதியிடம் சொல்லுங்கள். சிறுநீரக நோயாளிகளுக்கு இது சகஜம் என்று அவர்களுக்குத் தெரியும்.

மற்றவர்கள் நாளைக் காலையிலேயே அரசாங்கத்தின் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். குடிமக்களுக்கு அங்கே ஒரு வெள்ளிதான். ரத்தத்தில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் அளவு பார்க்கச் சொல்லுங்கள். "ஹீமோகுளோபின் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி அனுப்பினால் எழுந்து வராதீர்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். இந்த நோய்க்கு, பெரிட்டின் 75க்குக் கீழே இருந்தால் இரும்பு கொடுத்துப் பார்க்கலாம் என்பது வழிகாட்டி நெறி. சோதிக்காமல் நீங்களாக இரும்பை விழுங்கவும் கூடாது. தலசீமியா உள்ள குடும்பங்கள் இங்கே நிறைய, அவர்களுக்கு அது வினையாகும்.

டாக்டர் தமிழராக இல்லாவிட்டால் எப்படிச் சொல்வது என்கிறீர்களா? நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். குரலைத் தாழ்த்தாதீர்கள். "டாக்டர், மாலாம்-மாலாம் காக்கி சாயா தாக் போலே டியாம். பிலா ஜாலான், பாரு லேகா. சாயா நாக் செக் பெரிட்டின்." (டாக்டர், ராத்திரியில் என் கால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. நடந்தால்தான் நிம்மதி. பெரிட்டின் பார்க்கவேண்டும்.) இதை இன்றிரவு காலைத் தேய்த்துக்கொண்டே நாலு தரம் சொல்லிப் பாருங்கள்.