மீதியின்றி வகுத்தல்

எண்களுட் சில பிரிவினைக்கு எளிதில் இணங்குவன, சில இணங்காதன. 13 என்பது ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத முதன்மையெண். 12 ஆறு காரணிகளையுடைய சேர்த்தியெண்; அதனிற் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை காரணிகள் இல்லை. இத்தகைய சிறப்புடைய சேர்த்தியெண்களை ஆராய்ந்து, கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன் 1915இல் இலண்டன் கணிதச் சங்க வெளியீட்டில் நீண்டதொரு கட்டுரை வரைந்தார். அவர் தந்த பட்டியல் 6,746,328,388,800 என்ற பதின்மூன்று இலக்க எண்ணுடன் முடிகிறது. அதன் காரணிகள் 10,080. அதனைப் பகுத்து நோக்கின் 2 முதல் 23 வரையுள்ள ஒன்பது முதன்மையெண்களும் ஒன்றுவிடாமல் அமைந்திருக்கக் காணலாம். இடையில் ஒன்றைத் தவிர்த்துப் பெரியதொன்றைச் சேர்ப்பின், அதே தொகைக் காரணிகளைக் கொண்ட சிறிய எண் வேறொன்று இருக்கும். ஆகவே எதனையும் தவிர்த்தல் இயலாது.

ஆயினும் அப்பட்டியலில் 293,318,625,600 விடுபட்டுவிட்டது. இறுதி எண்ணை 23ஆல் வகுத்தால் வருவது அதுவே! ஏட்டில் ஏறாமையால் அதன் 5,040 காரணிகளுள் ஒன்றேனும் குறைந்ததா? இல்லை. எண்ணின் இயல்பு எழுதுவோனின் ஏட்டைச் சார்ந்ததன்று.

5,040 என்ற தொகை மெய்யியல் மாணவருக்குப் புதியதன்று. பிளேட்டோ தமது 'சட்டங்கள்' என்னும் நூலில் இலட்சிய நகரின் நிலமுடைய குடிகள் 5,040 பேராக இருத்தல் வேண்டுமென்றார். அது ஒன்று முதல் பத்து வரை எதனாலும் வகுபடும். நிலம் பங்கிடவும் வரி விதிக்கவும் படை திரட்டவும் வசதியானது. ஆனால் அந்நிலத்தை உழுத அடிமைகள் அத்தொகையுள் அடங்கார். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் வளர்ந்த எம்மனோர் அவ்விடத்தை விரைந்து கடந்து செல்லல் அரிது.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். எண்ணுக்கு நேராத இழப்பு மனிதருக்கு நேர்ந்தது. பின்னர் 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை 975,000 எனக் கணித்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர் என வகுத்தது. எழுபத்தையாயிரத்தை ஒரு பங்காகக் கொள்ளின் மொத்தம் பதின்மூன்று பங்கு: ஏழு, நான்கு, இரண்டு. கணக்கில் ஒரு பிழையுமில்லை.

அரசுகள் எண்ணாமல் ஆள முடியாது, நீண்டதொரு பிணக்கை எவ்வாறேனும் முடிக்க வேண்டியிருந்தது என்பர். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. எனினும், மக்களின் விருப்பை அறிந்து தொகையைக் காண்பது வேறு. தொகையை முன்னரே குறித்துவிட்டு அதனை நிரப்ப மக்களைத் தேடுவது வேறு. விண்ணப்பங்கள் கோரப்பட்டபோது இந்தியக் குடியுரிமை கேட்டோர் ஏழு பங்கை எட்டவில்லை. இலங்கைக் குடியுரிமை கேட்டோரோ நான்கு பங்கைப் பெரிதும் விஞ்சினர். மனிதர் கணக்குக்கு இணங்காதபோது பிழை எவரிடத்து? சேர்த்தியெண்ணைக் காரணிகளாகப் பிரித்தால் மீண்டும் பெருக்கி அதே எண்ணைப் பெறலாம். தாய் ஒரு கரையிலும் மகன் மறுகரையிலுமாகப் பிரிந்த குடும்பத்துக்கு அவ்வாறான பெருக்கல் இல்லை. தலைமன்னாரை நோக்கிச் சென்ற ரயிலை எம்மவர் 'அழுகைக் கோச்சி' என்றே அழைத்தனர். தோட்டத்துச் செக்ரோலிலும் கொழுந்து குறைந்த நாளில் 'அரைப் பேர்' போடுவதுண்டு. ஆயின் அங்கு அரையாவது சம்பளம் மட்டுமே, ஆள் மாலையில் முழுதாகவே லயத்துக்குத் திரும்புவார்.

1974இல் எஞ்சிய இரண்டு பங்கும் நாட்டுக்கு ஒன்றாகப் பிரிக்கப்பட்டன. தாளில் மீதி எதுவும் இருக்கவில்லை. அக்கணக்கின் பின்னரும் நாடற்றோராய் இம்மலைகளில் வாழ்ந்திருந்தோருக்காக, 2003இல் நாடாளுமன்றம் மற்றுமொரு சட்டத்தை இயற்ற நேர்ந்தது.