அச்சத்தை அளந்து கேட்கலாமா?

தேர்தலில் நிற்கும் ஒருவர் தம் செலவுத் திட்டத்தை எழுத அமரும்போது அறம் பற்றிய வினா அங்கே எங்ஙனம் நுழையும் என்று அன்பர்கள் கேட்கக்கூடும். சுவரொட்டிக்கு இவ்வளவு, ஒலிபெருக்கிக்கு இவ்வளவு, வண்டி வாடகைக்கு இவ்வளவு என்று எழுதுவதில் நன்மை தீமை என்ன இருக்கிறது? பழைய கணக்கில் பெரிதாக ஒன்றுமில்லைதான். ஆயின் இணையவழிப் பிரசாரத்திற்குப் பணம் ஒதுக்கப்படுவது பேசுவதற்கு மட்டுமன்று. எந்தச் சொல் மக்களை அசைக்கும் என்று சோதித்து அறிவதற்கும் ஆகும். நம் வினா அங்கேதான் பிறக்கிறது.

இக்கலை வளர்ந்த இடம் அமெரிக்கா. வெர்மான்ட் மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஹோவர்ட் டீன் 2003ஆம் ஆண்டில் இணையத்தின் வழியே சிறு நன்கொடையாளர்களைத் திரட்டி, ஒரே காலாண்டில் ஏறத்தாழ 1.5 கோடி டாலர் சேர்த்தார். 2004 ஜனவரியில் அயோவாவில் நடந்த முதற்போட்டியில் அவருக்குக் கிடைத்தது மூன்றாம் இடமே. பணம் திரட்டும் வழியை அவர் காட்டினார்; அதனைக் கொண்டு வென்றவர் பராக் ஒபாமா. அவருடைய 2008ஆம் ஆண்டுப் பிரசாரத்திற்கு இணையத்தின் மூலம் 30 இலட்சம் பேர் 50 கோடி டாலருக்கு மேல் வழங்கினர். அக்கொடைகளிற் பெரும்பாலானவை 100 டாலரோ அதற்குக் குறைவோ ஆகும். செல்வர் சிலரின் வாயிலில் நிற்காமல் எளியோர் பலரிடம் கை நீட்டியது நற்செயல் என்பதில் எமக்கு ஐயமில்லை.

அந்தப் பிரசாரத்தில் 2007 டிசம்பரில் ஒரு சோதனை நடந்தது. இணையதளத்தின் முகப்பில் எந்தப் படம் வைப்பது, பொத்தானில் எந்தச் சொல் எழுதுவது என்று 24 சேர்க்கைகளை உருவாக்கி, வந்த 3,10,382 பேருக்கும் அவற்றைப் பிரித்துக் காட்டினர். காணொளிதான் வெல்லும் என்று குழுவினர் நம்பியிருந்தனர். வென்றதோ குடும்பத்தோடு ஒபாமா இருக்கும் நிழற்படமும், மேலும் அறிய அழைக்கும் எளிய பொத்தானும். பெயர் பதிவோர் விகிதம் 8.26 விழுக்காட்டிலிருந்து 11.6 விழுக்காடாக உயர்ந்தது. இதனால் எவருக்கும் தீங்கில்லை. கடைக்காரர் எந்தப் பண்டத்தை முன்னே அடுக்குவது என்று பார்ப்பது போன்றதே இது.

2012ஆம் ஆண்டுக்கு வருவோம். ஒபாமா மறுதேர்தலுக்கு நின்றார். ஜூன் மாதத்தில் ஒரு மின்னஞ்சலுக்கு 18 தலைப்புகள் எழுதி, ஒவ்வொன்றையும் சிறு தொகுதியினருக்கு அனுப்பி, எது அதிகப் பணம் கொணர்கிறது என்று பார்த்தனர். எதிர்த்தரப்பு தம்மைவிட அதிகம் செலவிடப்போகிறது என்று வேட்பாளரே சொல்வதாக அமைந்த தலைப்பு முதலிடம் பெற்றது. அதனைப் பெரும்பட்டியலுக்கு அனுப்பி, அந்த ஒரு மடலால் 26 இலட்சம் டாலருக்கு மேல் ஈட்டினர்.

அது பொய்யா? அன்று. முந்திய மே மாதத்தில் எதிர்த்தரப்பே அதிகம் திரட்டியிருந்தது. தேர்தல் முடிந்தபின் பார்த்தால், வேட்பாளர்களின் சொந்தக் குழுக்கள் அளவில் ஒபாமா தரப்பே அதிகம் செலவிட்டிருந்தது. வெளி அமைப்புகளையும் சேர்த்தால் இரு தரப்பும் ஏறத்தாழச் சமம். எனவே அச்சத்திற்கு அன்று காரணம் இருந்தது. ஆயினும் அந்த வாக்கியம் தேர்ந்தெடுக்கப்பட்டது உண்மை என்பதற்காக அன்று, அதிக வருவாய் தந்தது என்பதற்காக. மற்ற 17 தலைப்புகளில் உண்மையானவை இல்லையா என்ன? தோல்வியின் அச்சம் கைப்பையைத் திறக்கிறது என்று அளவையால் அறிந்தபின் அதையே சொல்பவரை உண்மை பேசுபவர் என்பதா, உண்மையைப் பயன்படுத்துபவர் என்பதா? இரண்டும் ஒன்றல்ல என்பதே எம் கருத்து.

மடல்கள் எத்தனை அனுப்பினாலும் மக்கள் பட்டியலிலிருந்து பெரிதும் விலகவில்லை என்றும் அக்குழுவினர் கண்டனராம். விலகாமையை இசைவு என்று கொள்வது தகுமா? திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கியின் கீழ்க் குடியிருப்பவரும் வீட்டைக் காலி செய்வதில்லை. பணத்தை மணிக்கணக்கில் அளக்கும் கருவி, படிப்பவரின் மனத்தில் தங்கும் சலிப்பையும் கலக்கத்தையும் அளப்பதில்லை. அளக்கப்படாதது திட்டத்திலும் இடம்பெறுவதில்லை. எந்த உணர்ச்சியை நாங்கள் தூண்டமாட்டோம் என்று பணம் ஒதுக்கும் நாளிலேயே முடிவு செய்யாத குழு, வாக்குப்பதிவு நெருங்கியபின் முடிவு செய்யும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இன்னொன்றும் உண்டு. சுவரொட்டியை ஊரே படிக்கும். எதிர்க்கட்சிக்காரரும் படித்து மறுப்பார். இணைய விளம்பரமோ வயது, ஊர், விருப்பம் பார்த்து ஒருவருக்கு ஒன்றும் அண்டை வீட்டாருக்கு வேறொன்றும் காட்டவல்லது. ஒருவரிடம் சொன்னதை மற்றவர் அறியாதபோது, சொன்ன சொல்லுக்குப் பொறுப்பேற்கச் செய்வது யார்?

நம் நாட்டில் தேர்தல் ஆணையம் 2013 அக்டோபரில் இதுபற்றி விதிகள் வகுத்தது. வேட்பாளர் தம் சமூக ஊடகக் கணக்குகளைப் பிரமாணப் பத்திரத்தில் தெரிவிக்க வேண்டும். இணைய நிறுவனங்களுக்குக் கொடுக்கும் பணம் மட்டுமன்றி, விளம்பரம் ஆக்குவோர்க்கும் கணக்கை நடத்துவோர்க்கும் தரும் ஊதியமும் தேர்தல் செலவில் சேரும். நல்ல விதிகளே. எனினும் 2022இல் பெரிய மாநிலங்களின் மக்களவை வேட்பாளருக்கு 95 இலட்சம் ரூபாய் உச்சவரம்பு விதிக்கப்பட்டதே தவிர, கட்சியின் செலவுக்கு வரம்பு எதுவும் விதிக்கப்படவில்லை. வேட்பாளரின் விளம்பரமும் கட்சியின் விளம்பரமும் வந்து சேர்வதோ வாக்காளரின் ஒரே கைப்பேசியில்.