மாராவில் நின்ற மரம்

தியானப் பகுதி: யாத்திராகமம் 15:22–27, லூக்கா 13:1–9, சங்கீதம் 92:12–15

இந்த மாதம் வேதாகமத்து மரங்களைக் குறித்து எழுதும்படி மூப்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். வேதம் ஜீவவிருட்சத்தோடு தொடங்கி ஜீவவிருட்சத்தோடு முடிகிறது (ஆதியாகமம் 2:9, வெளிப்படுத்தின விசேஷம் 22:2). நடுவிலே நோவாவின் புறா கொண்டுவந்த ஒலிவ இலை, எலியா சோர்ந்துபோய்ப் படுத்த சூரைச்செடி, சகேயு ஏறின காட்டத்திமரம் என்று எத்தனையோ இருக்கின்றன. எல்லாவற்றையும் எழுத நம் பத்திரிகையில் பக்கம் போதாது. ஆகவே பெயர்கூடச் சொல்லப்படாத ஒரு மரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

செங்கடலைக் கடந்த ஜனங்கள் பாடினார்கள். மோசே பாடினான். மிரியாம் தம்புரை எடுத்துக்கொண்டாள். எப்பேர்ப்பட்ட ஆராதனை! அது முடிந்து மூன்று நாள் சூர் வனாந்தரத்தில் நடந்தார்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கடைசியாகக் கிடைத்த தண்ணீரும் வாயில் வைக்க முடியாத கசப்பு. அந்த இடத்துக்குப் பெயர் மாரா. தேவபிள்ளையே, ஒன்றைக் கவனி. அவர்கள் வழிதப்பி அங்கே போகவில்லை. மேகஸ்தம்பம் அவர்களை விட்டு விலகவில்லை என்று 13ஆம் அதிகாரத்திலேயே எழுதியிருக்கிறது. அப்படியானால் கர்த்தர் நடத்தின வழியிலேதான் மாரா இருந்தது.

மோசே கூப்பிட்டான். கர்த்தர் காரணம் சொன்னாரா? தண்ணீர் ஏன் கசக்கிறது, யார் செய்த குற்றம் என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அங்கே நின்றிருந்த ஒரு மரத்தைக் காண்பித்தார், அவ்வளவுதான். மோசே அதை எடுத்துத் தண்ணீரில் போட்டான், தண்ணீர் தித்திப்பானது.

நம்முடைய கடற்கரைக்காரருக்கு மாராவைப் பற்றி நான் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. 2004 டிசம்பர் 25 சனிக்கிழமை ராத்திரி குப்பங்களில் கிறிஸ்மஸ் பாட்டுச் சத்தம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணியையொட்டி கடல் உள்ளே வந்தது. கோவளத்திலிருந்து மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரைக்கும் கட்டுமரமும் வலையும் வீடும் போயிற்று, மனுஷரும் போனார்கள். கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறிப்போயிற்று. குடிக்கிற தண்ணீரை லாரியில் கொண்டுவந்து ஊற்றினார்கள். செங்கடல் பாட்டுக்கும் மாராவுக்கும் நடுவில் மூன்று நாள் இருந்தது. நமக்கு ஒரு ராத்திரிதான் இருந்தது.

அப்பொழுது எனக்கு இருபத்து மூன்று வயது. வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ முடித்து ஆறு மாதம் ஆகியிருந்தது. நிவாரண வேனில் அரிசியோடும் பாயோடும் துண்டுப்பிரதிக் கட்டோடும் போய் இறங்கினேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் ஒரு சகோதரர் கிழிந்த வலைமேல் உட்கார்ந்திருந்தார். நம்முடைய சபை விசுவாசிதான். அவருடைய ஏழு வயது மகளைக் கடல் கொண்டுபோயிருந்தது. நான் பக்கத்தில் போய், "அண்ணா, கர்த்தர் எல்லாத்தையும் நன்மைக்காகத்தான் செய்றாரு. இந்தக் கடற்கரையில நடக்கிற பாவத்துக்கு இது ஒரு எச்சரிப்பு" என்றேன். இன்றைக்கு இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கிறிஸ்மஸ் அன்னிக்கு ராத்திரி எம்பொண்ணு மேடையில நின்னு முதல் சங்கீதம் தப்பில்லாம சொன்னா, தம்பி. இலை உதிராதுன்னு சொன்னா. விடிஞ்சா உதிர்ந்துடுச்சே. இதுக்கு நீ இன்னா சொல்ற?" என்று கேட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கையிலிருந்த துண்டுப்பிரதியில் ஒன்றை எடுத்து நீட்டினேன்.

பிரியமானவர்களே, லூக்கா 13ஆம் அதிகாரத்தை நான் கல்லூரியில் பரீட்சைக்குப் படித்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை. பிலாத்து சில கலிலேயரைப் பலியிடுகிற இடத்திலே கொன்றுபோட்டான் என்று சிலர் வந்து ஆண்டவரிடம் சொல்லுகிறார்கள். அதோடு சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரை ஆண்டவரே நினைப்பூட்டுகிறார். செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று அவரே கேட்டு, அப்படியல்ல என்று அவரே பதிலும் சொல்லுகிறார். மனந்திரும்பும்படி யாரைப் பார்த்துச் சொல்லுகிறார்? உயிரோடு எதிரே நிற்கிறவர்களைப் பார்த்து. சுனாமியைக் குறித்து அந்த நாட்களில் எத்தனை மேடைகளில் எத்தனை பேர் இதைத் தலைகீழாகப் பிரசங்கித்தோம்! இரங்கும் ஆண்டவரே.

அந்தப் பேச்சு முடிந்த கையோடே ஒரு மரத்தின் கதையைச் சொல்லுகிறார். திராட்சத்தோட்டத்தில் ஒரு அத்திமரம். மூன்று வருஷமாகக் கனி இல்லை. வெட்டிப்போடு என்கிறான் எஜமான். தோட்டக்காரன் என்ன சொல்லுகிறான்? இந்த ஒரு வருஷமும் இருக்கட்டும் ஐயா, சுற்றிலும் கொத்தி எரு போடுகிறேன் என்கிறான். அந்த வருஷம் முடிந்தபோது மரம் காய்த்ததா இல்லையா? லூக்கா எழுதவில்லை. எருக்கூடையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற தோட்டக்காரனோடே கதை நின்றுவிடுகிறது. அன்றைக்கு அந்த வலைக்குப் பக்கத்தில் நான் நின்றேனே, என் கையில் எருக்கூடை இல்லை, கோடாரிதான் இருந்தது.

அந்தச் சகோதரர் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவர் மனைவி மட்டும் தனியாக வந்து ஸ்திரீகள் பக்கத்தில் உட்காருவார்கள். அப்பொழுது எங்களுக்கு மூத்த போதகர் ஒருவர் இருந்தார், இப்பொழுது கர்த்தருடைய சமுகத்தில் இருக்கிறார். அவர் மாதத்தில் ஒருநாள் சைக்கிளில் அந்தக் குப்பத்துக்குப் போவார். கூடவே என்னையும் அழைத்துப்போவார். அங்கே பிரசங்கம் கிடையாது. கட்டஞ்சாயா குடிப்பார். சகோதரர் வலை பின்னினால் நூலைப் பிடித்துக்கொள்வார். திரும்பி வரும்போது, "ஐயா, ஒரு வசனமாவது சொல்லியிருக்கலாமே" என்று கேட்டேன். "நீ சொன்னதே அவருக்கு இன்னும் செரிக்கல. கொஞ்சம் பொறு" என்றார்.

முதல் வருஷம் ஆவணி மாதத்தில் ஒருநாள் அவர் கோணிப்பை நிறையப் பனங்கொட்டை கொண்டுவந்தார். ஜெபம் பண்ணலாமா என்று அந்தச் சகோதரரிடம் அவர் ஒருநாளும் கேட்டதில்லை. "இதை ஊன்றலாமா?" என்று கேட்டார். அதற்கு அவர் சம்மதித்தார். ஜெபக்கூடத்துக்குக் கிழக்கே மணலில் இரண்டு பேரும் குழி தோண்டி ஊன்றினார்கள். நான் தண்ணீர் தூக்கினேன்.

பனையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். சங்கீதம் 92இல் நீதிமானுக்கு ஒப்பிட்டிருக்கிற மரம் நம்முடைய தமிழ் வேதாகமத்தில் பனை. எபிரெயுவில் அந்த வார்த்தை தாமார், அது பேரீச்சமரம் என்று கல்லூரியில் படித்தோம். ஏலிமில் நின்ற எழுபது மரங்களுக்கும் அதே வார்த்தைதான், அங்கே நம் வேதாகமமும் பேரீச்சை என்றே போட்டிருக்கிறது. படித்தவர்கள் சிலர் சங்கீதத்தில் மொழிபெயர்ப்பு தவறிவிட்டது என்பார்கள். எனக்கு அது தவறாகத் தோன்றவில்லை. மொழிபெயர்த்த பெரியவர்கள் நம் கண்முன்னே நிற்கிற மரத்தையே நமக்குக் காட்டினார்கள். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு ஐயரும், அச்சு எந்திரம் வருவதற்கு முன்னே, பிரசங்கங்களைப் பனையோலையில்தான் எழுதுவித்தார். தமிழனுக்குச் சுவிசேஷத்தைச் சுமந்துவந்ததே பனைதான்.

பனங்கொட்டையை ஊன்றினால் என்ன நடக்கும்? முளை மேலே வராது, கீழே போகும். மண்ணுக்குள் ஒரு முழம் இறங்கி, அங்கே கிழங்கு வைக்கும். பொங்கலுக்கு நாம் அவித்துத் தின்கிற பனங்கிழங்கு அதுதான். தோண்டாமல் விட்டால் முதல் ஓலை வெளியே தலைகாட்டப் பல மாதம் ஆகும். அதுவரைக்கும் மேலே பார்க்கிறவனுக்கு வெறும் மணல்தான். முதல் பாளை விட பன்னிரண்டு வருஷமோ பதினைந்து வருஷமோ, அதற்கு மேலுமோ ஆகலாம். தென்னை வெச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வெச்சவன் பாத்துட்டுச் சாவான் என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்!

சவுக்கு அப்படியில்லை. நாலைந்து வருஷத்தில் வெட்டிக் காசாக்கலாம். சவுக்கைக் குறைசொல்ல நான் வரவில்லை. அலையைத் தடுக்கும் என்று அரசாங்கமே கடலோரம் சவுக்கு வைத்தது, எங்கள் ஜெபக்கூடத்துப் பந்தல் காலும் சவுக்குதான். ஆனால் 2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துப் பக்கம் கரையேறினதே, மறுநாள் காலையில் எங்கள் பக்கத்துத் தோப்பில் சவுக்கு வரிசை வரிசையாய்ச் சாய்ந்து கிடந்தது. ஏரிக்கரைப் பனைகள் ஓலை கிழிந்து நின்றன. எல்லாப் பனையும் நிற்கும் என்று நான் சொன்னால் அது பொய். எங்கள் தெருமுனையில் ஒரு பனை இடி விழுந்து தலை கருகிப்போய்த்தான் இருக்கிறது. விசுவாசிமேல் இடி விழாது என்று போதிக்கிறவர்களிடம் அந்த மரத்தைக் காட்ட எனக்கு ஆசை.

எழுப்புதல் வேண்டும் என்று நாம் உபவாசிக்கிறோம். நல்லது. ஆனால் சுவரொட்டி ஒட்டி மூன்று நாள் கூட்டம் வைத்து நான்காம் நாளே கனியை எண்ணுகிறோமே, அது சவுக்குக் கணக்கு. ஒருவன் ஆராதனையில் கை தூக்கவில்லை, அந்நிய பாஷை பேசவில்லை, கண்ணீர் விடவில்லை என்றால் அவனுக்குள் ஒன்றுமில்லை என்று தீர்த்துவிடுகிறோம். மணலுக்குள் எத்தனை ஆழம் இறங்கியிருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? மாமண்டூர் பாலத்தைத் தாண்டும்போது பாலாற்றைப் பாருங்கள். வருஷத்தில் பெரும்பாலான நாள் மணல்தான். ஊற்றுத் தோண்டினவனுக்குத் தெரியும் கீழே என்ன ஓடுகிறது என்று. எரேமியா 17ஆம் அதிகாரத்தில் வருகிற மரம் உஷ்ண காலத்துக்குப் பயப்படாமல் நிற்பது, வேரைத் தண்ணீரண்டைக்கு விட்டிருப்பதனால்தான்.

மாராவின் மரத்துக்கு வருகிறேன். இரண்டாம் நூற்றாண்டிலேயே ஜஸ்டின் என்ற இரத்தசாட்சி, அந்த மரம் சிலுவைக்கு அடையாளம் என்று எழுதினார். பேதுருவும் சிலுவையை மரம் என்றே சொல்லுகிறான் (அப்போஸ்தலர் 5:30). மோசே அந்த மரத்தைக் கரையில் நட்டு வைக்கவில்லை, கசப்புக்குள்ளே போட்டான். நம்முடைய ஆண்டவரும் எட்ட நின்று நமக்கு ஆறுதல் சொல்லவில்லை. தாகமாயிருக்கிறேன் என்று சொல்லி, காடியை வாங்கி, கசப்புக்குள்ளே தாமே இறங்கினார். அன்றைக்கு அந்தச் சகோதரரிடம் நான் சொல்லியிருக்கவேண்டியது இதுதான். சொல்லவும் தேவையில்லை, பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருந்தால் போதும்.

ஏலிம் அதற்குப் பிறகுதான் வருகிறது. பன்னிரண்டு நீரூற்று, எழுபது மரம். அந்த எண்களை வைத்துப் பிரசங்கிப்பார்கள், நானும் பிரசங்கித்திருக்கிறேன். ஏலிம் என்று பெயர் வைத்த சபைகள் எத்தனையோ உண்டு. மாரா என்று பெயர் வைத்த சபையை நான் இதுவரை பார்த்ததில்லை!

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கினபோது நம்முடைய மீனவ சகோதரர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள் அல்லவா? அந்தச் சகோதரரும் போனார். மூன்று நாள் தெருத்தெருவாகப் படகு தள்ளியிருக்கிறார். அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு வந்து கடைசிப் பாயில் உட்கார்ந்தார். பதினோரு வருஷம்! மூத்த போதகர் பிரசங்கத்தை நிறுத்தவும் இல்லை, ஸ்தோத்திரம் சொல்லி வரவேற்கவும் இல்லை. ஒருமுறை பார்த்தார், தொடர்ந்து பிரசங்கித்தார். அன்றைக்குச் சாயங்காலம் நான் போய் மன்னிப்புக் கேட்டேன். "அந்தக் காகிதத்தை நான் கிழிச்சுட்டேன் தம்பி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. டீ வரவழைத்தார்.

இன்றைக்கும் முதல் சங்கீதம் வாசிக்கப்பட்டால் அவர் எழுந்து வெளியே போய்விடுவார். கொஞ்ச நேரம் அந்தப் பனைகளுக்குக் கீழே நின்றுவிட்டு உள்ளே வருவார். அவரைப் பார்த்து ஒருவரும் முகம் சுளிக்கவேண்டாம் என்று இதை எழுதுகிறேன். ஊன்றினவைகளில் நாலு பனை இப்பொழுது நிற்கிறது. இரண்டு ஆண்பனை. மற்ற இரண்டில் ஒன்று போன கோடையில்தான் முதல் குலை தள்ளியது. மூத்த போதகர் அதைப் பார்க்க இல்லை. சகோதரர் நுங்கு வெட்டி ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.

சபையாரே, உங்கள் தெருவிலும் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்ட ஒருவர் இருப்பார். இந்த வாரம் அவர் வீட்டுக்குப் போங்கள். துண்டுப்பிரதியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். டீ கொடுத்தால் குடியுங்கள். அடுத்த மாதமும் போங்கள்.

ஆவணியில் பனம்பழம் விழ ஆரம்பித்ததும் அந்தச் சகோதரர் கொட்டை சேர்த்து ஜெபக்கூடத்துத் திண்ணையில் வைப்பார். வேண்டியவர்கள் ஆராதனை முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம். ஏரிக்கரையில் ஊன்ற வருகிறவர்கள் கடப்பாரை கொண்டுவாருங்கள், எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் சகோதரன்