யார் சொல்வது, "போதும்" என்று?

ஆண்டுக்கொருமுறை காட்சியொன்று காண்கிறோம். கல்லூரி மாணவர்கள் குடிசைப் பகுதிக்குச் செல்கின்றனர். துடைப்பமும் கூடையும் ஏந்துகின்றனர். பகல் முழுதும் தெருவைக் கூட்டுகின்றனர், சாக்கடையைத் தூர் வாருகின்றனர், சுண்ணாம்பு தெளிக்கின்றனர். பேராசிரியர் பேசுகிறார், பெருந்தனக்காரர் தலைமை தாங்குகிறார், மாலையில் அனைவரும் கலைகின்றனர். மறுநாள் ஏடுகளில் படம் வெளிவருகிறது, "கல்லூரியின் சமுதாயத் தொண்டு!" என்று. தெரு? மீண்டும் குப்பை. அத்தெருவில் பிறந்த பிள்ளை? கல்லூரி வாயிலுக்கு வெளியே!

மாணவர்தம் வியர்வையை நாம் இகழவில்லை. இளைஞர் உள்ளம் இளகியது; அது நல்லதே. நாம் கேட்பது வேறு. கல்லூரியொன்று தன்னைச் சுற்றி வாழும் மக்களுக்குச் செய்வது ஈகையா, கடனா? இக்கேள்விக்கு விடை தெளிந்தாலன்றி, எவ்வளவு செய்தால் போதும் என்று எவரும் கூறவியலாது.

ஈகையாயின், அளவு கொடுப்பவர் கையில். மனம் கனிந்தால் மரக்கால், கசந்தால் கைப்பிடி. வாங்குபவர் குனிந்து வாங்கவேண்டும், வாழ்த்திச் செல்லவேண்டும். "இன்னும் வேண்டும்" என்று கேட்டுவிட்டாலோ, பேராசைக்காரர் என்ற பட்டம்! கடனாயின், அளவு கணக்கேட்டில் இருக்கிறது. பெறுபவர் நிமிர்ந்து நிற்கலாம், தவணை தவறினால் தட்டிக் கேட்கலாம். "போதும்" என்று சொல்லும் உரிமை, ஈகையில் கொடுப்பவருக்கு, கடனில் பெறுபவருக்கு.

ஈகையை மேலான அறமென்று நெடுங்காலமாய் நமக்குக் கற்பித்து வந்தனர். கொடுப்பவனுக்குப் புண்ணியம், பெறுபவனுக்குத் தலைவிதி என்று இரு கணக்கு எழுதி வைத்தனர். ஏழை இல்லாவிட்டால் புண்ணியம் சேர்க்க வழியில்லை. ஆகவே ஏழை என்றென்றும் இருந்தாக வேண்டும்! பசிக்குச் சோறு போட்டார்கள். பசி ஏன் வந்தது என்று கேட்கும் அறிவை மட்டும் பூட்டி வைத்தார்கள். கல்லூரியின் தொண்டும் அந்தப் பழைய பாதையிலேயே நடக்குமானால், கட்டடம் புதிது, கருத்து பழையது என்றுதான் கூறவேண்டும்.

பொதுப்பணத்தில் நடைபெறும் கல்லூரியின் கணக்கேட்டைச் சற்றே புரட்டுவோம். அதன் சுவரை எழுப்பிய கொத்தனும் சித்தாளும் அச்சுவருக்குள் அமர்ந்து பாடம் கேட்டவர்களல்லர். தீப்பெட்டி வாங்கும் மூதாட்டியும் வரி செலுத்துகிறாள். பேராசிரியர் பெறும் ஊதியத்தில் அவள் காசும் கலந்திருக்கிறது. படித்தவன் பெற்ற படிப்பு, படிக்காதவன் கொடுத்த முன்பணம். அந்த முன்பணத்தைத் திருப்பித் தருவதற்குத் தொண்டு என்று பெயரிட்டு, மாலையும் போட்டுக்கொள்வது முறையாகுமா?

இந்த எண்ணத்தைப் பெயரிலேயே தாங்கி வந்தது 'சமுதாயக் கல்லூரி' என்னும் அமைப்பு. அமெரிக்காவில் 1901-ஆம் ஆண்டு ஜோலியட் நகரில் தொடங்கிய ஈராண்டுக் கல்லூரியே, இன்றுமுள்ள அத்தகைய பொதுக் கல்லூரிகளில் மூத்தது. அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு 1947-இல், இத்தகைய கல்லூரிகள் நாடெங்கும் பரவவேண்டும், அந்தந்த ஊரின் தேவைக்கேற்பக் கற்பிக்கவேண்டும் என்று பரிந்துரைத்த பின்னர், 'சமுதாயக் கல்லூரி' என்ற பெயர் பரவலாயிற்று. வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம், தொழில் கற்கலாம், விரும்பினால் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்லலாம்.

கேட்க இனிக்கிறது. எனினும், பட்டறிவு நம்மை எச்சரிக்கிறது. "ஊரின் தேவைக்கேற்ற கல்வி" என்ற சொற்றொடரை நாம் முன்பே கேட்டிருக்கிறோம் அல்லவா? 1953-இல் ஆச்சாரியார் ஆட்சி கொண்டுவந்த திட்டத்தை நினைவு கூர்வோம். அரைநேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில். அதற்கும் அழகான காரணங்கள் கூறப்பட்டன: உழைப்பின் உயர்வு, ஊரோடு ஒட்டிய கல்வி, இன்னும் என்னென்னவோ! ஆனால் வண்ணான் மகன் வெளுக்கவும், குயவன் மகன் வனையவும் கற்பதற்குப் பள்ளியின் நேரத்தை வெட்டிக் கொடுத்த திட்டம் அது. குலக்கல்வி என்று அதற்குச் சரியான பெயரைச் சூட்டியது தமிழகம். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. "உனக்கு இவ்வளவு போதும்" என்று பிறர் சொன்ன சொல்லைத் தமிழகம் ஏற்க மறுத்த வரலாறு அது.

அமெரிக்காவிலும் இந்த ஐயம் எழாமலில்லை. பர்ட்டன் கிளார்க் எனும் சமூகவியலறிஞர் 1960-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையொன்றில், ஈராண்டுக் கல்லூரிகள் ஏழை மாணவரின் ஆவலை மெல்ல மெல்லத் தணிக்கும் வேலையையும் செய்கின்றன என்று எடுத்துக் காட்டினார். மருத்துவனாக வேண்டும் என்று வருகிறான் இளைஞன். எவரும் கதவடைப்பதில்லை. அன்பாகவே பேசுகின்றனர், அறிவுரை கூறுகின்றனர், மதிப்பெண்ணைக் காட்டுகின்றனர். முடிவில், சிறிய வேலையே தனக்கு ஏற்றதென்று அவனே நம்பி வெளியேறுகிறான். விரட்டினால் போராடுவான், தடவிக் கொடுத்தால் தன்னையே குறை கூறிக்கொள்வான். கத்தியின்றி இரத்தமின்றி ஆசையை அறுக்கும் அறுவை!

அப்படியானால், ஊருக்கென்று எழும் கல்லூரி ஏணியா, தொழுவமா? நியூயார்க் நகரில் ஒரு பகுதி மக்கள் இக்கேள்விக்கு விடையளித்த வரலாற்றைக் கூறுவோம்.

அந்நகரின் தென் பிராங்க்ஸ் பகுதியில் வாழ்ந்தவரில் பெரும்பாலோர் புவேர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களும் கறுப்பின மக்களும். 1898-இல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவின் கைக்கு மாறிய தீவு அது. அங்குள்ளோர் பேசும் மொழி ஸ்பானியம். பள்ளிகளிலோ நெடுங்காலம் ஆங்கிலத்தைத் திணித்துப் பார்த்தனர் ஆள்வோர். 1940-களின் இறுதியில்தான் தாய்மொழி மீண்டும் பயிற்று மொழியாயிற்று. 1938-இலும் 1965-இலும் இந்தித் திணிப்பை எதிர்த்து நின்ற தமிழ்நாட்டுக்கு அவர்தம் வேதனையை விளக்க வேண்டியதில்லை.

அம்மக்களும் அவர்தம் தலைவர்களும் கல்லூரி கேட்டனர். 1968-இல் நகரின் உயர்கல்வி வாரியம் இசைந்தது. 1970-இல் 623 மாணவர்களுடன் வகுப்புகள் தொடங்கின. எங்கே? பளிங்கு மண்டபத்தில் அல்ல. கிராண்ட் கான்கோர்ஸ் சாலையில், டயர் தொழிற்சாலையாக இருந்த பழைய கட்டடத்தில்!

கல்லூரிக்கு ஓஸ்தோஸ் என்று பெயரிட்டனர். 1839-இல் புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்த எயூஹெனியோ மரியா தே ஓஸ்தோஸ், தீவின் விடுதலைக்கும் அடிமைமுறை ஒழிப்புக்கும் எழுதிய கரத்தினர். 1873-இல் சிலி நாட்டிலே, பெண்களுக்கு அறிவியல் கல்வி வேண்டும் என்று மேடையேறி முழங்கியவர். டொமினிக்கன் நாட்டில் 1880-இல் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி நிறுவி, மனப்பாடத்தை விலக்கி ஆராய்ச்சியைப் புகுத்தியவர். அதற்காக மதபீடத்தாரின் பகையைத் தேடிக்கொண்டவர். செல்வரின் பெயரைச் சூட்டினால் நன்கொடை கிடைத்திருக்கும். சிந்தனையாளரின் பெயரைச் சூட்டினர்!

கல்லூரி என்ன செய்தது? ஸ்பானிய மொழியிலேயே பாடங்களைக் கற்கத் தொடங்கி, உடன் ஆங்கிலமும் பயின்று முன்னேற வழி செய்தது. செவிலியர், பல் துப்புரவாளர், எக்ஸ்ரே தொழில்நுட்பர் ஆகியோரைப் பயிற்றுவித்தது. பல் துப்புரவுப் பயிற்சிக்கூடத்தில் அண்டை வீட்டாருக்கு மருத்துவம், மாணவருக்குப் படிப்பு. எது தொண்டு, எது கல்வி என்று பிரித்துக் காட்ட முடியாதபடி இரண்டும் ஒரே நாற்காலியில் நடைபெற்றன. நோயாளியின் மொழி தெரிந்த செவிலி கிடைத்தாள், தெருவிலிருந்தே கிடைத்தாள்.

அதே ஆண்டுகளில் அந்தப் பகுதி எரிந்துகொண்டிருந்தது. உவமைக்காகக் கூறவில்லை, உண்மையாகவே எரிந்தது. 1970-க்கும் 1980-க்கும் இடையே, கணக்கெடுப்புக்காக வகுத்த வட்டாரங்களில் ஏழு, தீயினாலும் கைவிடப்பட்டதாலும் 97 விழுக்காட்டுக்கு மேற்பட்ட கட்டடங்களை இழந்தன. அந்தச் சாம்பலின் நடுவே, 1976-இல் வந்தது மற்றோர் ஆணை. நகரின் கருவூலம் காலி. ஓஸ்தோஸ் கல்லூரியைத் தனிக் கல்லூரியாக நடத்த இயலாது. மற்றொரு கல்லூரியோடு இணைத்துவிடலாம் என்றனர். "உங்களுக்கு இதுவரை கொடுத்தது போதும்" என்பதுதான் அந்த ஆணையின் பொருள்.

ஈகையாகப் பெற்றிருந்தால், பெருமூச்சு விட்டுக் கலைந்திருப்பார்கள். கொடுத்தவர் நிறுத்தினார், நாம் என்ன செய்வது என்று வீடு திரும்பியிருப்பார்கள். அவர்கள் திரும்பவில்லை. மாணவர், ஆசிரியர், அக்கம்பக்கத்தார் ஆகியோர் கல்லூரிக்குள் குடிபுகுந்தனர். ஏறத்தாழ மூன்று வாரம் கட்டடம் அவர்கள் கையில். காவல்துறை புகுந்தது, பலர் கைதாயினர். கிளர்ச்சி ஓயவில்லை. முடிவில் மாநிலச் சட்டமன்றம் தலையிட்டது. ஓஸ்தோஸ் தனிக் கல்லூரியாகவே நிலைத்தது. இன்றும் நடைபெறுகிறது.

கடன் கொடுத்தவன் கேட்கும் குரல் அது! ஒரு கல்லூரி ஊருக்கு உழைத்ததா என்பதற்கு ஆண்டறிக்கை சான்றல்ல. அதை மூட வரும் நாளில் ஊர் எழுந்து நிற்கிறதா என்பதே சான்று.

வெற்றி முழுமையானதன்று என்பதையும் மறைக்கமாட்டோம். 1847 முதல் நியூயார்க் நகரப் பொதுக்கல்லூரிகளில் நிலவிய இலவசக் கல்வி, அதே 1976-இல் முடிவுற்றது, கட்டணம் புகுந்தது. 1997-இல் வேறொரு சிக்கல். பட்டம் பெறும் தறுவாயிலிருந்த ஓஸ்தோஸ் மாணவரிடம், ஆங்கில எழுத்துத் தேர்வில் தேறினால்தான் பட்டம் என்றனர் பல்கலைக்கழக ஆட்சியாளர். வழக்குமன்றம் வரை சென்றது அந்தத் தகராறு. ஓட்டத்தின் கடைசி அடியில் கோட்டைத் தள்ளி வைப்பது அநீதியே. ஆயினும், தாய்மொழியில் தொடங்கிய மாணவனை ஆங்கிலத்திலும் வல்லவனாக்கி அனுப்புவது கல்லூரியின் கடன் என்பதையும் மறுப்பதற்கில்லை. தாய்மொழி வாயிற்படி, படியைத் தந்துவிட்டு மாடியை மறுத்தால், அதுவும் "உனக்கு இவ்வளவு போதும்" என்பதன் மறுபதிப்பே. நம் பக்கத்து நண்பர்கள் கூறினாலும் அந்தச் சொல் நஞ்சுதான்.

1990-களின் நடுவில் புதுச்சேரியிலும் சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் தோன்றின. பள்ளியை இடையில் விட்டோருக்கும் கதவு திறந்த முயற்சி அது; வரவேற்கிறோம். வரவேற்பவர் என்ற முறையிலேயே கேள்விகளையும் வைக்கிறோம். தையலும் கணிப்பொறியும் கற்று வரும் பெண், விரும்பினால் பொறியியல் பட்டம் வரை ஏறிச் செல்லப் படி இருக்கிறதா? எதைக் கற்பிப்பது என்று முடிவு செய்யும் மேசையில் அந்தத் தெருவாசிக்கு ஒரு நாற்காலி உண்டா? கல்லூரி ஊரை ஆராய்ந்து ஏடு எழுதுகிறது. ஊர் கல்லூரியை ஆராய்ந்து கேள்வி கேட்க வழியுண்டா? மூன்றுக்கும் "ஆம்" என்று விடை வருமானால், அது ஏணி. இல்லையென்றால், பெயர்ப்பலகையில் எத்துணை அழகான தமிழ் எழுதியிருப்பினும், அது குலக்கல்வியின் கொள்ளுப்பேத்தி!

படித்த இளைஞர்களே! சேரித் தெருவைக் கூட்டப் போகிறீர்களா? போங்கள். அந்தத் தெருவில் துடைப்பத்தை வைத்துவிட்டு ஒரு வீட்டுத் திண்ணையில் அமருங்கள். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். அவர்கள் கேட்பது உங்கள் கல்லூரியிடம் இல்லையென்றால், கல்லூரிக்குத் திரும்பி வந்து அதைக் கேளுங்கள்; கிடைக்கும்வரை கேளுங்கள். கடன்பட்டவர் நாம். கணக்கு முடிந்தது என்று கூறும் உரிமை நமக்கில்லை. "போதும்" என்ற சொல்லை, என்றேனும் ஒருநாள், அந்தத் திண்ணையிலிருந்து அவர்கள் கூறட்டும்.